விளா ஓடு அணிய மறுத்த காவலன்

குழந்தைகளே, ஒரு காட்டில் கோடை முற்றியபோது ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் எஞ்சி நின்றது. யானை முதல் அணில் வரை எல்லாரும் அங்கேதான் வரிசையில் நின்று குடிக்க வேண்டும். அதுவும் காலையில் மட்டும். கரையில் நின்ற மருத மரத்தின் நிழல் சுருங்கி அடிமரத்தைத் தொட்டுவிட்டால், கலங்கிய நீர் தெளியட்டும் என்று எல்லாரும் கரையேறிவிட வேண்டும். அன்றைக்குக் குடிக்காதவருக்கு மறுநாள்தான்.

அக்குளத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கொம்போ கோரைப்பல்லோ உடையவர் எவராயினும், கரையில் கால் வைக்குமுன் அதன் நுனியில் காய்ந்த விளாம்பழ ஓட்டைச் செருகிக்கொள்ள வேண்டும். முன்னொரு கோடையில் இரண்டு காட்டெருமைகள் முந்தி நிற்பதற்காக முட்டிக்கொண்டன. கொம்பு பாய்ந்து மண்கரை உடைந்தது. தண்ணீரெல்லாம் பள்ளத்தில் ஓடிப்போக, காடு முழுவதும் நாக்கு வறண்டு கிடந்தது. அன்று ஏற்பட்ட வழக்கம் அது.

கடமானுக்குக் கொம்பின் ஆறு கிளைக்கும் ஆறு ஓடு. முள்ளி என்னும் முள்ளம்பன்றிக்கு எந்த ஓடும் பொருந்தாது. ஆகவே அவள் தன் முட்களைக் கோவைக்கொடியால் இறுகக் கட்டிக்கொண்டு, விறகுக்கட்டு ஒன்று நடந்து வருவது போல வருவாள்.

விலக்கு ஒருவருக்கு மட்டுமே உண்டு. சிறுத்தை வரும் பாதையில் முறை வைத்துக் காவல் நிற்கும் மூன்று காட்டுப்பன்றிகளில், அவ்வேளையில் காவல் நிற்பவர் ஓடு அணிய வேண்டியதில்லை. முறை முடிந்ததும் அவரும் அணிந்துகொள்வார்.

அம்மூவருள் தலைவன் வல்லாளன். வீரன்தான், ஒரு முறை சிறுத்தையை மூன்று மேடு தாண்டி விரட்டியவன். ஆனால் ஓடு அணிந்தால் அவன் தாடை இருபுறமும் உப்பிக்கொள்ளும். அதைக் காணும்போதெல்லாம் துள்ளான் என்னும் குரங்கு கிளையில் தொங்கியபடி, "அண்ணே, கன்னத்தில் அடக்கியிருப்பது கொழுக்கட்டையா, அதிரசமா?" என்று கேட்பான். வரிசையே சிரிக்கும். வல்லாளனுக்கு அந்தச் சிரிப்புத்தான் தாங்கவில்லை.

ஒரு நாள் காலை. முள்ளி தன் இரண்டு குட்டிகளுடன் வரிசையின் முதலில் நின்றாள். நிழல் அடிமரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது காவல் முடிந்த வல்லாளன் நேரே குளத்தை நோக்கி வந்தான். ஓடுகள் இரண்டும் கழுத்துக் கொடியில் தொங்கின. கோரைப்பற்கள் வெயிலில் மின்னின. வரிசை தானாகவே விலகி வழிவிட்டது.

"காவலரே, ஓடு?" என்று முள்ளி பணிவாகக் கேட்டாள்.

"காவலனுக்கு எதற்கு ஓடு?"

"தங்கள் முறைதான் முடிந்துவிட்டதே."

"முறை முடியும், முள்ளி. காவலன் முடிவானா?" என்று சொல்லி அவன் தலையை ஒரு சாய்ப்புச் சாய்த்தான். பற்கள் அவள் மூக்கருகே வந்து போயின.

பிறகு அவன் குடித்தான், கொப்பளித்தான், மறுபடியும் குடித்தான். அவன் கரையேறியபோது நிழல் அடிமரத்தைத் தொட்டுவிட்டது.

"அம்மா, நம் முறை?" என்றது சின்னக்குட்டி.

"நாளைக்கு, கண்ணே."

அவள் முதுகில் கோவைக்கொடி நறநறவென்று இறுகியது. ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தால் போதும், முடிச்சு தெறித்துவிடும். ஆனால் உடைந்த கரை அவள் நினைவுக்கு வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு, நேரே காட்டுத் தலைவியான மாதங்கி யானையிடம் சென்று முறையிட்டாள்.

மாதங்கி அன்று மாலையே அவையைக் கூட்டினாள். வல்லாளன் சிறிதும் அஞ்சவில்லை.

"தலைவி! ஆபத்து என் முறையைப் பார்த்துக்கொண்டா வரும்? நான் தண்ணீர் குடிக்கும்போது சிறுத்தை பாய்ந்தால், ஓட்டைக் கழற்றும்வரை பொறுத்திருக்குமா? காவலன் எப்போதும் காவலன். ஆகவே எனக்கு எப்போதும், எவ்விடத்திலும் ஓடில்லாத பல் வேண்டும்."

மாதங்கி காதை அசைத்தாள். "சொல்வதில் பொருள் இருக்கிறது" என்றாள்.

கடமான் துள்ளி எழுந்தது. "அவருக்கு இல்லையென்றால் எனக்கும் வேண்டாம்! என் ஆறு ஓட்டையும் இதோ உதறுகிறேன்!"

"நீ உதறிப் பார்!" என்று காட்டெருமை உறுமியது. "எனக்கும் இரண்டு கொம்பு உண்டு!"

அவையில் புழுதி கிளம்பியது. எல்லாக் கொம்பும் வெறுங்கொம்பானால் கரை எத்தனை நாள் தாங்கும்? தன் குட்டிகளின் வறண்ட வாய் முள்ளியின் கண்முன் வந்தது. அவள் மெல்ல முன்னே வந்தாள்.

"தலைவி, காவலர் கேட்பது நியாயம். கொடுத்துவிடுங்கள்."

வல்லாளனே வியந்துபோனான். "முள்ளி! உன்னை என்னவோ என்று நினைத்தேன். நல்லவள்தான் நீ!"

"ஆனால் அரைகுறையாகக் கொடுத்தால் அவருக்கு அவமானம்" என்று முள்ளி தொடர்ந்தாள். "காவலில் நிற்பவருக்கு ஓடில்லை என்பது ஒரு விதி. காவலில் நிற்பவர் நீரிலோ சேற்றிலோ கால் வைக்கலாகாது, படுக்கலாகாது, யார் அழைத்தாலும் 'என்ன?' என்று போய்க் கேட்க வேண்டும். இவையும் விதிகள்தாமே? எப்போதும் காவலர் என்றால், எல்லா விதியும் எப்போதும் அவரைச் சேரட்டும்."

"தண்ணீர்?" என்றாள் மாதங்கி.

"துள்ளான் கொண்டுவந்து கொடுப்பான். ஏந்தி வருவதற்குத்தான் அந்த இரண்டு ஓடுகளும் சும்மா இருக்கின்றனவே."

மாதங்கியின் கண் ஓரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "வல்லாளா, சம்மதமா?"

"அவ்வளவுதானே!" என்று மார்பை நிமிர்த்தினான் அவன்.

முதல் நாள் விடிந்தது. வல்லாளன் தன் முறைக்கு நின்றான். முறை முடிந்ததும் வெறும் பல்லோடு மிடுக்காக உலாவினான்.

"காவலரே!" என்று கௌதாரி கூவியது. அவன் புதரைத் தாண்டி ஓடினான்.

"என்ன?"

"அந்த ஓணான் என் முட்டையையே பார்க்கிறது."

"பார்த்தால் என்ன?"

"முறைத்துப் பார்க்கிறது, ஐயா!"

ஓணானை விலக்கிவிட்டுத் திரும்பினால், இரண்டு அணில்கள் ஒரு நாவற்பழத்துக்காக வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. அந்த வழக்கைத் தீர்த்துவிட்டு நிமிர்ந்தால், ஆமையார் அழைத்தார்.

"தம்பி, நான் கிழக்கு மேட்டுக்குப் போகிறேன். வெட்டவெளி. துணைக்கு வரவேண்டும்."

"எப்போது போய்ச் சேர்வீர்?"

"அவசரமில்லை. நாளைக்குப் போனால்கூடப் போதும்."

உச்சி வெயிலில், ஆமைக்கு ஓரடி முன்னே, வல்லாளன் நடந்தான். நடந்தான் என்பதைவிட நின்றான் என்பதே பொருந்தும். வழி நெடுகிலும் ஆமையார் தம் பெரிய மைத்துனரின் முதுகுவலியை விவரமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.

நடுவழியில் துள்ளான் தண்ணீர் கொண்டுவந்தான். ஓட்டில் இரண்டு வாய்த் தண்ணீர். அதிலும் பாதி வழியெல்லாம் சிந்தியிருந்தது.

"இவ்வளவுதானா?"

"இன்னும் வேண்டுமானால், ஓடு அடங்கும் உங்கள் கன்னம் பெரியதாக இருந்திருக்க வேண்டும், அண்ணே!"

இரண்டாம் நாள் அவன் ஒரு வேம்பில் சாய்ந்து கண்ணை மூடினான்.

"காவலரே, படுத்துவிட்டீர்களா?" என்று கிளையிலிருந்து துள்ளானின் குரல் வந்தது.

"படுக்கவில்லை. சாய்ந்தேன்."

"சாய்வது பாதிப் படுக்கை. நிமிர்ந்து நில்லுங்கள், சிறுத்தை வந்தால் உங்களைப் பார்த்துக் கொட்டாவி விடும்."

மூன்றாம் நாள் காலை அவன் குளத்தருகே நின்றான். அவனுடைய கூட்டாளிகள் இருவரில் முறை முடிந்த ஒருவன், ஓட்டை மாட்டிக்கொண்டு, மூலைச் சேற்றுப் பள்ளத்தில் காதுவரை அமிழ்ந்து குமிழி விட்டுக்கொண்டிருந்தான். வல்லாளனின் தோலோ வெடித்துச் சொரசொரத்தது. ஈக்கள் கூட்டமாக அவன் முதுகில் அவை கூட்டியிருந்தன. அவன் பற்கள் மட்டும் வெயிலில் பளபளவென்று மின்னின. ஆனால் அவற்றைப் பார்க்கத்தான் யாருக்கும் நேரமில்லை; எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"காவலரே!" என்று வரிசையிலிருந்து ஒரு குரல்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். முள்ளி நின்றிருந்தாள், அருகே இரண்டு குட்டிகள்.

"என்ன?" என்றான் ஈனக் குரலில்.

"ஒன்றுமில்லை. நலமா என்று கேட்கத்தான்."

வல்லாளன் பிறகு மாதங்கியிடம் போய், தலையைத் தாழ்த்தினான்.

"தலைவி, காவலில் நிற்கும்போது என் பல் காட்டைக் காக்கிறது. காவல் முடிந்த பிறகோ, நான் அந்தப் பல்லைக் காத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு என் முறை போதும்."

"ஓடு?"

அந்நேரம் துள்ளான் இரண்டு ஓடுகளிலும் தண்ணீர் ஏந்தி வந்தான். வல்லாளன் வாங்கினான், ஒன்றைக் குடித்தான், மற்றதையும் குடித்தான். ஒட்டியிருந்த துளியை உதறிவிட்டு, இரண்டையும் தன் பற்களில் தானே அழுந்தச் செருகிக்கொண்டான். பிறகு வரிசையின் கடைசிக்குப் போனான்.

நிழல் அடிமரத்தை நெருங்கியது. ஆயினும் முள்ளியின் குட்டிகள் வயிறு நிறையக் குடித்தன. வல்லாளனும் குடித்தான்; நிழல் தொடுமுன்பே குடித்து முடித்தான்.

"அண்ணே, கொழுக்கட்டையா, அதிரசமா?" என்றான் துள்ளான்.

"வா, வந்து கடித்துப் பார்" என்று சொல்லிவிட்டு, வல்லாளன் ஆனந்தமாகச் சேற்றில் சரிந்தான்.

மறுநாள் அவன் முறையின்போது பாதையில் சிறுத்தை தலைகாட்டியது. ஓடில்லாத இரண்டு பற்களைக் கண்டது. வந்த வழியே திரும்பிற்று. அந்தப் பற்களைப் பார்த்து அன்று குளக்கரையில் ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

நீதி: பிறர்க்கில்லாத ஆயுதம் காவலர்க்குத் தரப்படுவது அவர் செய்யும் பணிக்காக; ஆகவே பணியை இறக்கி வைப்பவர் அந்த ஆயுதத்தையும் இறக்கி வைத்தல் வேண்டும்.