அர்த்தனாரி மாஸ்டர் வண்டி தேடிய கதை

“எந்த வண்டி வாங்கட்டுமுங்க?” என்று கேட்டார் அர்த்தனாரி.

மேகலா எடைமேடையின் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சிமெண்டு லாரி எடை போட்டு இறங்கிப் போனபிறகு கேட்டாள்.

“ஓட்டப் போறவரக் கேட்டீங்களா?”

“ஓட்டப் போறது என் மச்சினன் செல்லமுத்து. அவனக் கேக்க என்னங்க இருக்குது? சொன்னா ஓட்டுவான்.”

செல்லமுத்து பின்னால் நின்றிருந்தான். நாற்பது வயது. எட்டு வருடம் போர்வெல் லாரி ஓட்டியவன். அக்கா புருஷன் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். அதனால் சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

*

அர்த்தனாரி சங்ககிரியில் பேர்போன சமையல் மாஸ்டர். அறுபத்திரண்டு வயது. ஆயிரம் இலைப் பந்தியைக் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவார். ரசத்தில் உப்பு குறைவதைப் பந்தலுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. அதில் பாதி அவரே கிளப்பி விட்டது.

அந்த வருடம் அவர் ஒரு சமையலறை டிரெய்லர் கட்டியிருந்தார். அடுப்பு, கிரைண்டர், பாத்திரம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. முதல் வேலை ஏற்காட்டில் ஒரு கல்யாணம். ஆவணி இருபத்தேழு. வாக்குக் கொடுத்தாகிவிட்டது. மேலே போக இருபது கொண்டை ஊசி வளைவு. கீழே வரவும் அதே இருபதுதான்.

டிரெய்லர் இருந்தது. இழுக்க வண்டி இல்லை.

“என் தம்பி ஓட்டறான். பாத்து வாங்குங்க” என்று மட்டும் சொல்லியிருந்தாள் அவர் மனைவி ராசாமணி.

மேகலாவுக்கு வயது முப்பத்தாறு. பதினோரு வருடம் டிரெய்லர் லாரி ஓட்டிவிட்டு பைபாஸ் ஓரத்தில் எடைமேடை வைத்திருந்தாள். அந்தப் பக்கத்து டிரைவர்கள் அவளை வாத்தியார் என்றார்கள். கேட்டதற்கு அவள் நேராகப் பதில் சொல்லி யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் கேட்காமல் யாரும் வண்டி வாங்குவதில்லை.

*

“எனக்குத் தெரியும்னு வெச்சுக்கங்க அம்மணி” என்றார் அர்த்தனாரி. “வெள்ளைப் பிக்கப் ஒண்ணு பாத்து வெச்சிருக்கறேன். மூவாயிரத்தைந்நூறு கிலோ இழுக்கும்னு அச்சடிச்சே குடுத்திருக்கறான். என் டிரெய்லர் ஆயிரத்து அறுநூறு. தகட்டுலயே எழுதியிருக்குது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

அவர் கையில் நீளமாக ஒரு சுருள் இருந்தது. கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர். ‘அர்த்தனாரி சமையல், சங்ககிரி.’ அந்தப் பிக்கப்பின் கண்ணாடி அளவுக்கே வெட்டியது. மனிதர் வண்டி வாங்கும் முன்பே பெயர் வைத்துவிட்டார்.

மேகலா ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

“டிரெய்லர நெறைச்சுட்டு வாங்க அண்ணா.”

*

எடைமேடைக்குப் பின்னால் ஒரு பழைய லாரி நின்றது. உடம்பு கிடையாது, தலை மட்டும். மேகலா ஓட்டிய காலத்து வண்டி. பெயிண்ட் உரிந்து, மூக்கு சப்பையாக, பார்க்கச் சகிக்காது. அதை அனுப்பித்தான் அர்த்தனாரியின் டிரெய்லரை எடைக்குக் கொண்டு வந்தார்கள்.

அண்டா, குண்டா, கிரைண்டர், சிலிண்டர், இலைக்கட்டு. எல்லாம் ஏறியிருந்தது.

டிரெய்லர் எடை மட்டும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

“பாத்தீங்களா? அறுநூறு கிலோ மிச்சம்!” என்றார் அர்த்தனாரி.

“இன்னும் நெறையல.”

“ஒரு கரண்டி வெக்க எடமில்லீங்க உள்ள.”

“சோறு எந்தத் தண்ணியில ஆக்குவீங்க?”

அர்த்தனாரியின் நெஞ்சு நிமிர்ந்தது. “எங்க கெணத்துத் தண்ணிதானுங்க. எங்க போனாலும் கொண்டுட்டுப் போயிருவேன். வேற தண்ணியில ஆக்குனா அது என் சோறே இல்ல.”

மேகலா எழுந்து போய்த் தொட்டியை விரலால் தட்டினாள்.

‘டங்’ என்றது.

அர்த்தனாரி தலையில் கை வைத்துக்கொண்டார். ஆயிரம் லிட்டர் தொட்டி. முப்பது வருடமாக அவர் பெருமை பேசுவதே அந்தத் தண்ணீரைப் பற்றித்தான். எடை போட வரும்போது அது மட்டும் நினைவில்லை.

*

மறுநாள் வந்தார். முகத்தில் சிரிப்பு.

எடை மூவாயிரத்து நானூறு.

மேகலா தொட்டியைத் தட்டினாள். மேலே ஒரு சத்தம், கீழே ஒரு சத்தம்.

“அரைத் தொட்டி” என்றாள்.

“அரைத் தொட்டி போதும்னு பட்டுதுங்க.”

“எத்தன பந்திக்கு?”

“ரெண்டுக்கு.”

“கல்யாணத்துல எத்தன பந்தி?”

“நாலு.”

மேகலா வெளியே பார்த்தபடி, “நெறஞ்ச தொட்டி கம்முனு இருக்கும். அரைத் தொட்டி வளைவுக்கு வளைவு ஆடும்” என்றாள்.

அர்த்தனாரி திரும்பிப் போய்த் தொட்டியை நிறைத்துக்கொண்டு வந்தார். மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

“நானூறு கிலோதானுங்க கூட” என்றார். “கம்பெனிக்காரன் எப்பவும் கொறச்சுத்தான் எழுதுவான். இழுத்துரும்.”

“இழுத்துரும்” என்றாள் மேகலா.

அவர் இதை எதிர்பார்க்கவில்லை.

“அப்ப வாங்கிரட்டுங்களா?”

“இங்கயே ஒண்ணு நிக்குது. மாட்டிப் பாருங்க.”

*

பழைய லாரிக்கு அந்தப் பக்கம் அதே ரகப் பிக்கப் நின்றது. யாரோ மலைக்குப் போய்த் திரும்பி வந்து, வேண்டாம் என்று விட்டுப்போனது. டிரெய்லர் மாட்டும் தட்டு முதுகிலேயே பதித்திருந்தது. இந்த மாதிரி டிரெய்லர் பின்னால் கொக்கியில் தொங்கி வருவதில்லை. இழுக்கிற வண்டியின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

உட்கார்ந்தது.

பிக்கப்பின் பின்பக்கம் பதிந்தது. முன்பக்கம் எழும்பியது. முன்விளக்கு இரண்டும் தென்னை மரத்து உச்சியைப் பார்த்தன.

அர்த்தனாரி அதைக் கவனிக்கவில்லை. ஸ்டிக்கரைப் பிரித்து கண்ணாடிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சாகப் பொருந்தியது.

“ஏறுங்க” என்றாள் மேகலா, செல்லமுத்துவிடம்.

அவன் ஏறினான்.

*

ரயில் பாலத்தின் மேல் ஏறி இறங்கும் பழைய சாலை. புதுச் சாலை வந்தபிறகு அங்கே போக்குவரத்து இல்லை.

வண்டி மேட்டில் ஏறியது. உறுமியது, முக்கியது, ஏறியேவிட்டது.

“இழுத்துருச்சு! பாத்தீங்களா, இழுத்துருச்சு!” அர்த்தனாரிக்குச் சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோஷம்.

மேகலா தலையாட்டினாள். மறுபக்கத்து இறக்கத்தில் பாதியில் நிறுத்தச் சொன்னாள். வண்டி நின்றது.

அவள் கையில் ஒரு ஸ்டூலும் பிளாஸ்கும் இருந்தன. வண்டிக்கு முன்னால் பத்தடி தள்ளி, இறக்கத்தின் நடுவில் ஸ்டூலைப் போட்டாள். டீயை ஊற்றி நீட்டினாள்.

“உக்காந்து குடிங்க அண்ணா.”

அர்த்தனாரி டம்ளரை வாங்கினார். ஸ்டூலைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

“சக்கரத்துக்குக் கல்லு வெக்கலீங்களா?”

“மலையில யாரு வெப்பாங்க?”

“நின்னுட்டே குடிச்சுக்கறேன்.”

“சரி. ஸ்டூலுக்குப் பக்கத்துல வந்து நில்லுங்க.”

அவர் ஓரத்துக்கு நகர்ந்தார். முதலில் ஓர் அடி. பிறகு இன்னும் இரண்டு அடி.

கண்ணாடிக்குப் பின்னால் செல்லமுத்துவின் முகம் தெரிந்தது. இரண்டு கையும் ஸ்டியரிங்கில். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கையால் இழுத்த பிரேக் போதாமல், காலையும் அழுத்திக்கொண்டிருந்தான்.

முன்சக்கரம் சாலையில் படிந்த மணலில் வழுக்கி ஒரு சாண் நகர்ந்தது.

“மச்சான்” என்றான் செல்லமுத்து. “தள்ளுது.”

இந்த மூன்று நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மேகலா எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ, இரண்டு கருங்கல்லை எடுத்து நொடியில் சக்கரத்துக்குக் கொடுத்தாள். வண்டி நின்றது. செல்லமுத்து இறங்கி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அர்த்தனாரி சக்கரம் நகர்ந்த தடத்தைப் பார்த்தார். ராசாமணிக்கு ஒரே தம்பி. டீ கையில் சிந்தியது கூட அவருக்குத் தெரியவில்லை.

அவர் மேகலாவிடம் எதுவும் கேட்கவில்லை. மச்சினன் பக்கம் திரும்பினார்.

“செல்லமுத்து. எந்த வண்டி வாங்கலாம்?”

செல்லமுத்து நெற்றியைத் துடைத்தான். அக்கா புருஷனை நேராகப் பார்க்க இன்னும் கூச்சம். எடைமேடைப் பக்கம் கையை மட்டும் நீட்டினான்.

*

சாயந்திரம் அதே டிரெய்லர், அதே நிறைந்த தொட்டி, அதே இறக்கம். முன்னால் அந்தச் சப்பை மூக்கு லாரி. செல்லமுத்து சக்கரத்துக்குக் கல் இல்லாமலே நிறுத்தினான். முதுகில் பாரம் ஏறியும் அது குனியவில்லை, நிமிரவும் இல்லை.

அர்த்தனாரி ஸ்டிக்கரை லாரிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரு முழம் பத்தவில்லை. சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஸ்டூலை அவரே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார். முன்பு போட்ட அதே இடம்.

உட்கார்ந்தார்.

மேகலா டீ கொடுத்தாள். ஒரு வாய் குடித்தார். இஞ்சி கூடுதல் என்றார். கல்யாணத்துக்கு வைக்கப்போகும் பாயசத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். பாலை எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், வெல்லம் எப்போது போட வேண்டும், ஏன் ஏலக்காயைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று நீட்டி முழக்கினார். மேகலா கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னாலிருந்து குரல் வந்தது.

“மச்சான்.”

திரும்பினார். செல்லமுத்து டிரைவர் சீட்டில் இல்லை. லாரிப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“எப்படா எறங்குனே?”

“நீங்க பாலக் காய்ச்சும்போதே எறங்கிட்டேன் மச்சான்.”