அழலி புரண்டு படுத்தாள்

விண்மீன்களுக்குள் வாயும் பேச்சும் இருந்த அந்தக் காலத்தில் எந்த விண்மீனும் சுழலாது. நட்டுவைத்த கல் மாதிரி நிற்கும். அதது கிடந்த இடத்திலேயே கிடக்க வேண்டும் என்பது உள்ளே இருந்தவர்கள் வழக்கம். மேலே உள்ள விறகு மேலேதான். அடியில் விழுந்த சாம்பல் அடியில்தான்.

அப்படி ஒரு பெரிய விண்மீனின் வயிற்றில் அழலி அடுப்பெரித்தாள். மேலே, தோல் பக்கம், அவள் அண்ணன் பொதியன் மலை மலையாய் விறகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அழலியிடம் விறகு தீரப்போகிறது. கழுத்துவரை சாம்பல். கை ஓய்ந்துவிட்டது. அடுப்பு அணைந்தால் விண்மீன் இடிந்து உள்ளே விழும், அவ்வளவுதான்.

"அண்ணே, கொஞ்சம் விறகு தள்ளிவிடேன்."

"அப்பன் காலத்துலேர்ந்து கீழே இறக்கினதில்லை."

"சாம்பலையாவது மேலே வாங்கிக்க."

"எதுக்கு, என் மூஞ்சியில பூசிக்கவா? வானமே பார்க்கிற மூஞ்சி இது."

"அடுப்பு அணைஞ்சா அந்த மூஞ்சியும் சேர்ந்துதான் போகும்."

"பயமுறுத்துறதே உனக்கு வேலை. பேசாம எரி."

அழலிக்கு அதற்குமேல் தெம்பில்லை. அணைந்து தொலையட்டும், கடைசியாய் ஒருதரம் வாகாகப் படுத்துக்கொள்வோம் என்று ஒருக்களித்துப் புரண்டாள்.

அவள் புரண்டதில் விண்மீனே திரும்பியது. வெட்டவெளியில் பிடித்து நிறுத்த என்ன இருக்கிறது? திரும்பியது திரும்பிக்கொண்டே இருந்தது.

இடுப்பு பிதுங்கியது. உச்சியும் அடியும் அமுங்கின. அமுங்கிய இடங்களில் சூடு கூடி, அந்த வழியாய்ச் சாம்பல் மெல்ல மேலேறியது. ஏறிய சாம்பல் பொதியனின் விறகை இடுப்புப் பக்கம் நெட்டித் தள்ள, விறகு அங்கிருந்து வயிற்றுக்குள் இறங்கியது.

"ஏ புள்ள, என்ன பண்ணித் தொலைச்சே? மூஞ்சியெல்லாம் சாம்பல்."

"புரண்டு படுத்தேன். வேறொண்ணும் பண்ணலை."

"நிறுத்து."

"தெரிஞ்சா நிறுத்த மாட்டேனா? நான் தூங்கத்தானே பார்த்தேன்."

விறகு வந்து மடியில் விழுந்தது. அழலி அதைக் கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, அடுப்பில் வைத்தாள். அடுத்ததும் வந்தது.

அக்கம்பக்கத்து விண்மீன்கள் பொதியனைக் கரிமூஞ்சி என்று சிரித்தன. சிரித்தவை முதலில் அணைந்தன. அதைப் பார்த்த மற்றவை தாமும் புரண்டு பார்த்தன. சில வேகமாக, சில சும்மா பேருக்கு.

அன்று பிடித்ததுதான் இந்தச் சுற்று. வேகமாய்ச் சுழலும் விண்மீன் வயிற்றுச் சாம்பலை முகத்தில் பூசிக்கொண்டு கூடுதல் காலம் எரிகிறது. சோம்பிச் சுழல்வது தலைமேல் விறகிருக்க அணைகிறது. அழலி இன்னும் படுக்கவில்லை.