சக்கரங்கள் பேச்சை விட்டது ஏன்?

சாவி கிடையாது, ஆனாலும் பூட்டு. மிதித்தால் பூட்டிக்கொள்ளும், காலை எடுத்தால் திறந்துகொள்ளும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

தெரியாவிட்டால் பரவாயில்லை. கதை பாதி வழி போவதற்குள் விடை தானாக வந்து வண்டியேறிவிடும்.

அந்தக் காலத்தில் மாடு பேசியது, மைனா பேசியது, மலையேறும் ஜீப்பின் சக்கரங்களும் பேசின. அளவாகப் பேசவில்லை, வாய் ஓயாமல் பேசின.

முகில்பாறை என்ற மலையூரில் ஒரே ஒரு ஜீப் இருந்தது. அதை ஓட்டியவள் ஒச்சம்மா. காலையில் ஏலக்காய் மூட்டைகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, பதினோரு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி அடிவாரச் சந்தைக்கு இறங்குவாள். மாலையில் திரும்புவாள். முன் இருக்கையில் மகள் சுருளி உட்கார்ந்திருப்பாள். அவள் படித்த பள்ளிக்கூடம் சந்தைக்குப் பக்கத்தில் இருந்தது.

ஏரில் பூட்டிய மாடுகளை அழைப்பதுபோல, பின் சக்கரங்கள் இரண்டையும் இடத்தன், வலத்தன் என்றே ஒச்சம்மா அழைத்தாள். இருவரும் வழி நெடுகச் சுருளிக்குக் கதை சொல்வார்கள். சந்தைக்குள் நுழைந்ததும் மட்டும், நாலு பேர் பார்க்கிறார்களே என்று வாயை மூடிக்கொண்டு மரியாதையாக உருளுவார்கள்.

பேச்சில் குறையில்லை. வேலையில்தான் குறை. ஊரைவிட்டுக் கிளம்பினால் முதலில் ஓர் ஓடை. அதைத் தாண்டியதும் ஒரு மேடு. மழைக்காலத்தில் இடத்தன் அங்கே சேற்றில் இறங்கிவிடுவான். ஒச்சம்மா ஆக்சிலரேட்டரை மிதித்த மிதிக்கெல்லாம் அவன் ஒருவனே விர்ரென்று சுற்றுவான். வலத்தன் பாறைமேல் அசையாமல் நிற்பான்.

"என்ன வலத்தண்ணே, பாறைக்குக் காவலா?" என்பான் இடத்தன்.

"நீ ராட்டினம் சுத்துடா தம்பி. உன்னை வேடிக்கை பார்க்க ஒரு ஆள் வேணும்ல!"

சுருளி விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒச்சம்மாவுக்குச் சிரிப்பு வராது. எல்லோரும் இறங்கித் தள்ளி, வண்டி மேடேறி, அடிவாரம் போய்ச் சேரும்போது பள்ளியில் இரண்டாம் மணி அடித்திருக்கும். சில நாள் வண்டி மேடே ஏறாது.

ஐப்பசியில் ஒருநாள் தலைமையாசிரியை ஒச்சம்மாவைக் கூப்பிட்டார். "உங்க பொண்ணு பாதி நாள் வரலை. விடுதியில் சேர்த்துடுங்க. பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் வீட்டுக்கு வரட்டும்" என்றார்.

வருஷத்தில் இரண்டு முறை. ஒச்சம்மா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள். வண்டியை நேராக மைதீன் ராவுத்தரின் பட்டறைக்கு விட்டாள்.

ராவுத்தர் ஜீப்புக்கு அடியில் படுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, முகமெல்லாம் எண்ணெயாக வெளியே வந்தார்.

"ரெண்டு பயலுக மேலயும் குத்தமில்லை, தாயி. அச்சுக்கு நடுவுல உருண்டைப் பெட்டி இருக்குல்ல, அதுக்குள்ள இருக்குற பல்லு இளகின மனசுக்காரன். எவன் சுளுவாச் சுத்துறானோ அவன் பக்கமே சாஞ்சிடுறான். பாறையில நிக்கிறவனுக்குப் பலமே போறதில்லை."

"அப்ப என்ன செய்யலாம்ண்ணே?"

"ஆளை மாத்திடுவோம்."

இரண்டு நாள் பட்டறையில் உலை கனன்றது. மூன்றாம் நாள், பல்லோடு பல் கவ்வும் வட்டுகளும் சுருள் வில்லுமாக ஒருவன் பிறந்தான். ராவுத்தர் அவனுக்குப் பூட்டுப்பல் என்று பெயர் வைத்தார்.

"இவனுக்குச் சாவி கிடையாது. நீ மிதிச்சா ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாப் பூட்டிருவான். ஒருத்தன் சேத்துல கிடந்தாலும் இன்னொருத்தன் இழுப்பான். ஆனா வளைவு வந்தா பூட்டு திறக்கணும். கும்மியடிக்கையில வெளிவட்டத்துல ஆடுறவ ரெண்டு எட்டு கூட வைக்கிறாள்ல? அது மாதிரி வெளிச் சக்கரம் கூடுதலா ஓடியாகணும். அதனால வளைவுக்கு முன்னாடியே காலை எடுத்துடு. பல்லு மேல பல்லு தாவி, கடக் கடக்னு சத்தம் வரும். திறந்துட்டான்னு அர்த்தம். நேரானதும் மிதி. டயர் கொஞ்சம் சீக்கிரம் தேயும். காலை எடுக்கையில வண்டி லேசா ஒரு பக்கம் அசையும். பயந்துடாதே."

மறுநாள் ஓடைமேட்டில் இடத்தன் சேற்றில் இறங்கினான். ஒச்சம்மா மிதித்தாள். வலத்தன் பாறையைக் கவ்வினான். "அடேங்கப்பா, எனக்கும் வேலை வந்துருச்சே!" என்று கத்திக்கொண்டே அவன் தம்பியை இழுத்தான். யாரும் இறங்கவில்லை, யாரும் தள்ளவில்லை. முதல் மணிக்கு முன்பே சுருளி வகுப்பில் இருந்தாள்.

ஆனால் பள்ளி வாசலுக்குப் போக, சந்தைமுக்கில் ஒரு திருப்பம் திரும்ப வேண்டும். சக்கரங்கள் அங்கே மரியாதையாக வாயை மூடியிருந்ததால், பூட்டுப்பல்லின் குரல் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. கடக்! கடக்! கடக்!

"ஏய், ஜீப்புக்கு இடுப்பு முறிஞ்சு போச்சுடா!" என்று பிள்ளைகள் கூவினார்கள். வாழைக்காய் விற்றவர்கூட, "ஒச்சம்மா, உதிர்ந்ததைப் பொறுக்கிட்டுப் போத்தா" என்றார்.

ஒரு வாரம் சுருளி பொறுத்தாள். எட்டாம் நாள், இருக்கையில் குனிந்து உட்கார்ந்தபடி சொன்னாள்: "அம்மா, நான் விடுதிக்கே போயிடுறேன். அங்க இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்க."

ஒச்சம்மாவுக்கு நெஞ்சில் முள் தைத்தது. எதற்காகப் பூட்டுப்பல்லைக் கொண்டுவந்தாளோ, அதையே அவன் சத்தம் கெடுத்துவிடும்போல் இருந்தது. அப்போது சந்தையில் யாரோ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது: கிழட்டு வண்டியைத் தலையில் கட்டுகிறவர்கள், பல்லின் இரைச்சல் கேட்காமல் இருக்க எண்ணெயில் மரத்தூளைக் கலந்து விடுவார்களாம். மர அறுவைக் கொட்டகையில் இரண்டு கை தூள் அள்ளினாள். உருண்டைப் பெட்டியின் திருகைக் கழற்றினாள். பூட்டுப்பல் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஒச்சம்மா தூளைக் கொட்டித் திருகை மூடினாள்.

சத்தம் நின்றது. முதல் நாள் கொஞ்சம் முனகல் இருந்தது. மூன்றாம் நாள் அதுவும் இல்லை. பிள்ளைகள் சிரிக்க ஒன்றுமில்லாமல் போனது. சுருளி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான்காம் நாள் காலை தூறல் விழுந்தது. வண்டியில் தாயும் மகளும் மட்டும்தான். நரியை ஏமாற்றிய நண்டின் கதையை இடத்தன் சொல்ல, வலத்தன் நடுநடுவே திருத்திக்கொண்டு வந்தான். ஏழாம் வளைவு வந்தது. பாதையெங்கும் செம்மண் குழம்பாகக் கிடந்தது. ஒச்சம்மா காலை எடுத்தாள்; ஸ்டியரிங்கை ஒடித்தாள். மரத்தூள் இறுகிப்போயிருந்த பூட்டுப்பல் திறக்கவில்லை. இரண்டு சக்கரங்களும் ஒரே கட்டாகத் தள்ள, வண்டி வளையாமல் நேரே பள்ளத்தை நோக்கிப் போனது.

"அக்கா, நான் கூடுதலா ஓடணும், விட மாட்டேங்குறான்!" என்று வலத்தன் அலறினான்.

ஒச்சம்மா இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து பிரேக்கை அழுத்தினாள். ஓரத்துக் கல்லில் மோதி வண்டி நின்றது. கல்லுக்கு அப்பால் மூங்கில்களின் நுனி தெரிந்தது. சுருளியை மலைப்பக்கமாக இறக்கி, கையை விடாமல் பிடித்துக்கொண்டு, கீழே போனவர்களிடம் ராவுத்தருக்குச் சொல்லி அனுப்பினாள்.

ராவுத்தர் வந்து எண்ணெயை வடித்தார். கூழாக வந்த மரத்தூளைப் பார்த்தார். ஒச்சம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவர் திட்டவில்லை. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, புது எண்ணெய் ஊற்றினார்.

பூட்டுப்பல் இருமினான். பிறகு முதன்முறையாகப் பேசினான்.

"அக்கா, எனக்குக் கதை தெரியாது, சிரிக்க வைக்கத் தெரியாது. திறந்துட்டேன்னு சொல்ல ஒரே ஒரு சத்தம்தான் இருக்கு. இந்தச் சத்தம் வரலைன்னா வளையாதே, நில்லுன்னு அர்த்தம். ஆனா இவங்க ரெண்டு பேரும் பேசுறப்ப, வந்துச்சா வரலையான்னு யாருக்குக் கேக்கும்? ஒண்ணு இவங்க பேசட்டும், இல்லைன்னா நான் பேசறேன்."

"அது என்னடா நியாயம்? நேத்து வந்தவன் நீ!" என்றான் வலத்தன்.

"பாப்பா, நண்டுக் கதை இன்னும் பாதி இருக்கு" என்றான் இடத்தன்.

ஒச்சம்மா மகள் பக்கம் திரும்பினாள். "நீதான் சொல்லணும், சுருளி. ஒரு தடவை உன்னைக் கேக்காமத் தூளைக் கொட்டிட்டேன்."

சுருளி ஓரத்துக் கல்லைப் பார்த்தாள். மண்டியிட்டு, இரண்டு சக்கரங்களையும் ஒருமுறை தடவிக் கொடுத்தாள்.

அன்று முதல்தான் எந்த வண்டியின் சக்கரமும் பேசுவதில்லை. தானாகப் பூட்டும் அச்சு உள்ள ஜீப்புகள் மட்டும் திருப்பத்தில் கடக் கடக் என்கின்றன. முகில்பாறைக்காரர்கள் வளைவுக்கு வளைவு பேச்சை நிறுத்திக் காது கொடுக்கிறார்கள். பூட்டுப்பல் பேசட்டும் என்றுதான் சுருளி சொன்னாள்.