தேரிப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

எந்த வருஷமென்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்; வெகுகாலத்துக்கு முன்பு மடைவளநாட்டைக் கீர்த்திவாகன் என்ற அரசன் ஆண்டான். தெருவுக்கு ஒரு வாய்க்கால் ஓடும் நாடு. அங்கே ஒருவருக்கு மரியாதை செய்வதென்றால் அவர் வீட்டுச் செடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். அரசன் வீட்டுச் செடி என்றால் கேட்க வேண்டுமா?

அவனுடைய ராணி அரியநாச்சி, செம்மணல் மேடுகளான தேரியில் பிறந்தவள். வாக்கப்பட்டு வந்த மூன்றாம் வருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். துணைக்கு வந்த தோழி பேச்சித்தாய்தான் மிஞ்சினாள். ராணியின் சுருக்குப்பையில் பத்து விதைகள் இருந்தன. தேரியில் ஒரே மழைக்கு முளைத்து, பிறகு வெயிலைத் தின்றே பூக்கிற மஞ்சள் பூவின் விதைகள்.

"அவளுடைய முதல் திதிக்கு இந்தப் பூவைத்தான் வைப்பேன்" என்றான் அரசன்.

நந்தவன அதிகாரி குணபாலராயர் விடுவாரா? பத்துத் தொட்டிகளில் வண்டல் மண்ணை நிரப்பி விதைத்தார். முளைத்ததும் தொடங்கியது கூத்து. தினமும் காலையில் வெள்ளிக் குடத்தோடு வரிசை. தளபதி ஒரு குடம், புரோகிதர் ஒரு குடம். மாடத்திலிருந்து அரசன் பார்க்கிறானா என்று எல்லோருக்கும் ஒரு கண் மேலே.

"ஊத்தாதீங்கய்யா, வேர் அழுகிப்போகும்!" என்று பேச்சித்தாய் கத்தினாள்.

"மணலில் புரண்டவள் எனக்குச் செடி வளர்க்கக் கற்றுத் தருகிறாளா? தள்ளிப் போ!" என்றார் ராயர்.

ஒன்பது செடிகள் அழுகின. ராயர் கொஞ்சமும் கூசாமல், "மகாராஜா, எல்லாம் இந்தத் தேரிக்காரி கண் பட்டதால்" என்றார்.

அரசன் பேச்சித்தாயை முறைத்தான். "பத்தாவதை நீயே வளர். திதிக்குப் பூத்தால் உன் ஊருக்கு அனுப்புகிறேன். பூக்காவிட்டால் சாகும்வரை சிறை."

ராணி போன நாளிலிருந்து அவள் ஏங்கியது ஊருக்குத்தான். பிழைத்த ஒற்றைச் செடியை மணலும் செங்கல் பொடியும் நிரப்பிய சட்டிக்கு மாற்றி, மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். மறுநாள் காலை, குடங்களோடு ராயர் தலைமையில் பட்டாளம் மாடியேறி வந்துவிட்டது. கத்தினால் கேட்காத ஜென்மங்கள். அவள் ஓர் ஓலையையும் எழுத்தாணியையும் நீட்டினாள்.

"வாங்க ராயரே, தாராளமா ஊத்துங்க. அதுக்கு முன்னால இதுல ஒரு வரி எழுதிடுங்க."

"என்ன வரி?"

"'இந்தச் செடி பட்டுப்போனால் நானே பொறுப்பு.' அவ்வளவுதான்."

ராயர் குடத்தைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார். "இன்றைக்கு எனக்குக் கைவலி."

"கைவலியோடவா இத்தனை பெரிய குடம்? ஐயோ பாவம், இறக்கி வைங்க."

தளபதிக்கு எழுத வராதாம். புரோகிதருக்கு ராகுகாலமாம். அதற்குப் பிறகு மாடிப்பக்கம் ஓர் ஈகூட வரவில்லை.

ஐந்து நாளைக்கு ஒருமுறை கையளவு தண்ணீர் தெளித்தாள். இலைகள் சாம்பல் பூத்துச் சுருண்டன. செத்துவிட்டதோ என்று அவளே தண்டை நகத்தால் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்த்தாள். திதியன்று காலையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரே ஒரு பூ விரிந்தது.

அவையில் வெற்றோலையைக் காட்டி நடந்ததைச் சொன்னாள். ஒரு வருஷமாகச் சிரிக்காத அரசன் சிரித்துவிட்டான். "ராயரே, இனி நீர் யானைகளுக்குத் தண்ணீர் காட்டும். எவ்வளவு ஊற்றினாலும் அவை அழுகாது!" பிறகு அவளிடம், "இந்தப் புத்தி உனக்கு எப்படி வந்தது?" என்றான்.

"பிந்தி வந்துச்சு மகாராசா. நாச்சியார் படுத்திருந்தப்போ வந்திருக்கணும். நாலு வைத்தியர், ஏழு கஷாயம், சன்னலெல்லாம் பட்டுத்திரை. அவங்க கேட்டது ஒண்ணுதான், கொஞ்ச நேரம் எங்க ஊரு மணல்ல, வெயில்ல உக்காரணும்னு. அன்னிக்கு இந்த ஓலையை நீட்ட எனக்குத் தெரியலையே."

ராணியாவது, மண்ணில் உட்காருவதாவது என்று மறுத்தவன் யார் என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

"நீ ஊருக்குப் போகலாம்" என்றான் அரசன்.

"ரெண்டு பேரா வந்தோம். ஒத்தையா எப்படிப் போய் நிப்பேன்? அவங்க ஆத்தாகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க."

சாவுச் செய்தியை ஓர் ஓலையிலும் ஒரு பெட்டி பொன்னிலும் முடித்துக்கொண்டவன் அவன். போனான். தேரி தொடங்கும் இடத்தில் பல்லக்கை விட்டு இறங்கி, கால் பொசுங்க நடந்தான்.

ராணியின் தாய் வணங்கவில்லை, ஏசவும் இல்லை. "எம்மவ கடைசியா என்ன கேட்டா?" என்றாள்.

அவையில் எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவன். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பேச்சித்தாய்கூட அதற்கு வழிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இந்த மணலைத்தான் கேட்டாள்" என்றான் அரசன். "நான் கொடுக்கவில்லை."