மிட்டாய் டப்பாவும் தொம்மை அண்ணாச்சியும்

"குருவே, இந்த டப்பாவுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் போட்டுக் குடுங்க" என்றார் தொம்மை அண்ணாச்சி.

குருவுக்கு வயது இருபத்துமூன்று. பெயர் ஜுலைகா. தூத்துக்குடியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். அண்ணாச்சிக்கு வானொலி வேலை கற்றுக் கொடுத்தவளும் அவள்தான்.

சீடருக்கு ஐம்பத்தாறு. தொம்மை சவுண்ட் சர்வீஸ் முதலாளி.

டப்பா, மிட்டாய் டப்பா. அதற்குள் அவரே ஈயம் வைத்துப் பற்றவைத்த குட்டி வானொலி. டிட், டா என்று தந்திக் குறியில் தட்டினால் கடல் தாண்டிக் கேட்குமாம். பலம் மட்டும் ஒரு டார்ச் பல்பு அளவு.

முறையாக லைசென்ஸ் வாங்கி, பதினெட்டு நாளாகக் காலையில் ஒரு மணி நேரம் தட்டினார். ஒரு காக்காய்கூட ஏனென்று கேட்கவில்லை.

இது இத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. அண்ணாச்சி ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி ஊரெல்லாம் சொல்லிவிட்டிருந்தார். "அன்பார்ந்த பொதுமக்களே! வருகிற ஞாயிறு காலை பத்து மணியளவில், நமது தொம்மை அவர்கள், மிட்டாய் டப்பா மூலமாக, அயல்நாட்டோடு பேச இருக்கிறார்ர்ர்…"

நமது தொம்மை அவர்களும் அவர்தான், சொன்னவரும் அவர்தான்.

இன்னொரு சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த மச்சினன் கில்பர்ட் பந்தயம் கட்டினான். பதில் வராவிட்டால் கோயில் திருவிழா மைக் இந்த வருஷம் கில்பர்ட்டுக்கு. முப்பது வருஷமாக அந்த மைக்கை அண்ணாச்சி யார் கையிலும் கொடுத்ததில்லை.

ஜுலைகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். டப்பாவில் மாட்டியிருந்த கனத்த பேட்டரியைக் கழற்றினாள். தன் பழைய மீட்டருக்குள் கிடந்த, தேய்ந்துபோன சின்ன பேட்டரியை எடுத்து மாட்டினாள்.

"நான் கூட்டச் சொல்லுதேன், நீங்க குறைக்கீங்க."

"ஞாயித்துக்கிழமை உப்பளத்துக்கு வாங்க அண்ணாச்சி. ஹெட்போன மட்டும் கழட்டக் கூடாது. டீ குடிக்கதுக்குக்கூட."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. உப்பளத்து வரப்பில் மூங்கில் நட்டு ஒயரைக் கட்டினார்கள். பாத்தியில் வேலை பார்த்த பெண்கள் உப்பு வாரும் வாருகோலை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கில்பர்ட் ஆட்டோவோடும் மைக்கோடும் வந்து நின்றான். தோல்வியைச் சுடச்சுட அறிவிக்க வேண்டுமே.

அண்ணாச்சி தட்டத் தொடங்கினார். டா-டி-டா-டிட், டா-டா-டி-டா. யாராவது இருக்கீங்களா, நான் தொம்மை, யாராவது இருக்கீங்களா, நான் தொம்மை. முப்பது வருஷப் பழக்கம். ஒலிபெருக்கிக்கு யார் பதில் சொல்லியிருக்கிறார்கள், அவர் நிறுத்திக் கேட்க?

மூன்றாவது தடவை பாதியிலேயே டப்பா செத்தது. விரல் தட்டுகிறது, ஓசை எழவில்லை.

"மைக் டெஸ்டிங்" என்று இழுத்தான் கில்பர்ட், மாமன் குரலிலேயே. பெண்கள் சிரித்தார்கள்.

அண்ணாச்சிக்குக் காது மடல் சிவந்தது. ஹெட்போனைப் பிடுங்கி எறியக் கை போனது. ஜுலைகா அந்தக் கையைப் பார்த்தாள். கை இறங்கியது.

அனுப்பத்தான் சக்தி இல்லை. கேட்க அந்தத் துளி பேட்டரி போதும். காதுக்குள் மழை இரைச்சல் மாதிரி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

இரைச்சலுக்கு அடியில், கொசு பாடுகிற மாதிரி, ஒரு டிட்.

பிறகு ஒரு டா.

அண்ணாச்சி பென்சிலை எடுத்தார். எழுத்து எழுத்தாகக் குறித்தார். குறித்து முடித்துப் பார்த்தால் அது லைசென்ஸில் அவருக்குக் கொடுத்திருந்த அழைப்புப் பெயர். யாரோ அவரைக் கூப்பிடுகிறார்கள்.

அது ஓய்ந்ததும் ஜுலைகா பேட்டரியைக் கழற்றித் தன் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்தாள். ஒரு நிமிஷம். திரும்ப மாட்டினாள். "கொஞ்சம் உசிர் வந்திருக்கும். நாலே எழுத்துதான் தாங்கும்."

வாழ்க்கையிலேயே முதல் முறையாக அண்ணாச்சி நாலே எழுத்தில் நிறுத்தினார்.

பதில் பொலபொலவென்று வந்தது. அவர் எழுத எழுத, ஜுலைகா தோளுக்கு மேலாகப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்:

"மொரீஷியசிலிருந்து பேசுகிறேன். நன்றாகக் கேட்கிறது. பதினெட்டு நாள் உம்மைக் கூப்பிட்டேன். இன்றுதான் மூச்சு விட்டீர்."

உப்பளமே கைதட்டியது. ஒரு பெண் குலவையிட்டாள். கில்பர்ட் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்து மைக்கை மாமனிடம் நீட்டினான். "செயிச்சிட்டீரு மாமா. ஊருக்கு நீரே சொல்லும்."

அண்ணாச்சி மைக்கைத் தொடவில்லை. உதட்டில் விரலை வைத்தார்.

"சும்மா இருல. அந்த ஆளு இன்னும் பேசிக்கிட்டிருக்காரு."