அவிழ்த்துவிட்ட பசு

கால்நடை மருத்துவம் படிக்கக் கல்லூரி தேடி வந்தாள் சிவரஞ்சனி. அப்பாவுக்கு ஆடு மேய்க்கிற வேலை. தனியார் கல்லூரித் தாளாளர், வந்திருந்த பெற்றோரையெல்லாம் தொழுவத்துக்கு அழைத்துப்போய் மீசையை முறுக்கினார்.

"இந்தப் பசு இங்கேயே பிறந்து வளர்ந்தது! எங்க கல்லூரியில ஒரு குறை கண்டுபிடிச்சா, இலவசமா சீட் தர்றேன்!"

சிவரஞ்சனி முன்னால் வந்தாள். "கயித்தை அவுத்து விடட்டுங்களா?"

"தாராளமா!"

பசு கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, எதிரே டீக்கடைக் கொட்டகையில் போய் நின்றது.

கடைக்காரர் பதறினார். "சாயங்காலம் வரைக்கும்னுதானே காலேஜுக்கு வாடகைக்கு விட்டேன், மதியமே வந்துட்டியே!"

கூட்டம் சிரித்தது. தாளாளர் அசடு வழிந்தார். "சரிம்மா, சீட் உனக்குத்தான்."

"வேண்டாங்க. மாடே தங்கமாட்டேங்குது, நான் எப்படித் தங்குவேன்?"