ராஜாவைத் தள்ளியது யார்?

முன்னொரு காலத்திலே, கேட்ட நாளில் மழையும் கேட்காத நாளில் வெயிலும் கிடைத்த காலத்திலே, சேய்மலை நாட்டை எழினிராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் நினைத்தது நினைத்த நேரத்தில் நடந்தாக வேண்டும்.

அப்படித்தான் தேர்த் திருவிழாவில் ராட்டினக்காரி ஒச்சாயியின் குடை ராட்டினத்தைக் கண்டதும் மரக்குதிரை மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். எல்லாருக்கும் கட்டுவதுபோல் அவன் இடுப்பிலும் ஒச்சாயி கயிற்றைக் கட்டினாள். ஆலோசகர் மகுடேசர் ஓடிவந்து அதை அவிழ்த்தார்.

"கைதியைத்தான் கயிற்றால் கட்டுவார்கள். அரசே, கடிவாளத்தைக்கூடத் தொடாதீர்கள். மீசையை முறுக்கியபடி உட்காருங்கள்!"

ஒச்சாயி எவ்வளவோ சொன்னாள். கேட்பாரில்லை. நாலு ஆட்கள் தள்ளத் தள்ள ராட்டினம் வேகம் பிடித்தது. மூன்றாவது சுற்றில் ராஜா பறந்துபோய்க் கரும்புச் சக்கைக் குவியலில் விழுந்தான்.

மறுநாள் சபையில் ராஜா ஒருபக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தான்.

"யாரோ என்னை வெளியே தள்ளினார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது. யார் அது?"

"இவள்தான் அரசே!" என்றார் மகுடேசர்.

"நான் நடுக்கம்பத்துக் கிட்ட நின்னேன் ராசா," என்றாள் ஒச்சாயி. "என் கை என்ன அவ்வளவு நீளமா?"

"அப்படியானால் சூனியம்!" என்றார் மகுடேசர்.

ராஜா கையை உயர்த்தினான். "உச்சிப்பொழுதுக்குள் தள்ளினவனைக் காட்டு. இல்லையென்றால் ராட்டினம் அடுப்புக்கு, நீ எல்லைக்கு அப்பால்."

ராட்டினத்தின் பத்துக் குதிரைகளும் ஒச்சாயியே உளி பிடித்துச் செதுக்கியவை. சுற்றுமுற்றும் பார்த்தாள். ராஜாவின் முன்னால் தாம்பாளத்தில் எலுமிச்சம்பழங்கள் இருந்தன. ஒன்றை எடுத்துச் சணலில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றினாள்.

"இதுதான் ராட்டினம். பழம்தான் நீங்க ராசா. ஐயா சொல்றாப்போல யாராவது வெளியே தள்ளுறாங்கன்னா, எதிர்த் தூணுக்கு நேரா வரும்போது நான் விட்டா பழம் எங்கே போகும்?"

"தூணில்தான் போய் மோதும். இதைக்கூடவா கேட்பது?" என்ற மகுடேசர், எதற்கும் இருக்கட்டுமென்று இடப்பக்கம் ஒதுங்கி நின்றார்.

ஒச்சாயி விட்டாள். பழம் தூணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடப்பக்கமாக நேரே போய் மகுடேசரின் தலைப்பாகையைத் தட்டிவிட்டது.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. வலியை மறந்து எழுந்தே விட்டான். "கொடு இங்கே!"

தானே சுழற்றினான், விட்டான். எச்சில் படிக்கம் உருண்டது. மறுபடி சுழற்றினான்.

"பொய் சொல்கிறாய். யாரோ வெளியே இழுக்கிறார்கள். என் விரல் அறுகிறதே!"

"நீங்க பழத்தை உள்ளே இழுக்கிறீங்க ராசா, அதான் அது உங்களை இழுக்குது. நேரா ஓடப் பார்க்கிற பழத்தை அந்த இழுப்புதான் வளைக்குது. விட்டா அது தன் பாட்டுக்கு நேரா போயிடும்."

"அப்படியென்றால் நேற்று என்னைத் தள்ளியது..."

"ஒருத்தரும் தள்ளலே. குதிரை வளைஞ்சு திரும்பிச்சு, நீங்க நேரா போனீங்க. உங்களை உள்ளே இழுத்துப் பிடிக்க ஒண்ணும் இல்லே."

ராஜா கையிலிருந்த சணல் கயிற்றையே பார்த்தான். பிறகு மெதுவாக மகுடேசரைப் பார்த்தான். அவர் தலைப்பாகையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"மகுடேசரே, திருவிழா முடியும்வரை ராட்டினத்தில் ஏறும் குழந்தைகளுக்கெல்லாம் நீர்தான் கயிறு கட்ட வேண்டும். முதலில் எனக்கு!"

தன் இடுப்பிலிருந்த பட்டுக் கச்சையை அவிழ்த்து ஒச்சாயியிடம் நீட்டினான். "என் குதிரைக்கு இனி இதுதான் கயிறு."

ராஜா விந்தி விந்தித் திருவிழாவுக்கு ஓட, சபையே பின்னால் ஓடியது. வாசல்வரை போன ஒச்சாயி திரும்பிப் பார்த்தாள். ஆளில்லாத மண்டபத்தில் மகுடேசர் சணலை எடுத்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சுழற்றிக்கொண்டிருந்தார். விட்டார். பழம் பக்கவாசல் வழியே நேராக வெளியே போனது.

"அட!" என்றார் மகுடேசர். குழந்தைகளுக்குக் கயிறு கட்ட, அது போன வழியிலேயே அவரும் நடந்தார்.